மாப்பிள்ளையின் செவித் தூய்மை

ஆரணிக்காரர்கள் அரசாங்கத்திடம் கேட்டது பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு கூரையும் குழாயில் கொஞ்சம் தண்ணீரும். கிடைத்தது பண்டை இசைக்கருவிப் பயிற்சி நிலையம். கேட்டது கிடைக்காதபோது கிடைத்ததைத்தான் கேட்டோம் என்று நினைத்துக்கொள்வது நம் ஊருக்குப் பழக்கம் என்பதால், 1978-இல் சேவூர் சாலையில் மூடிக் கிடந்த ரைஸ் மில்லில் அந்தப் பலகையை மாட்டியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தவிடு வாங்க வந்த இரண்டு பேர் மட்டும் பலகையைப் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

யாழ் வாசிக்கக் கற்றுத்தரும் நிலையம் அது. பழைய காலத்தில் தமிழர்கள் வாசித்து, பிறகு எப்போதோ கைவிட்டு, இன்று எப்படி வாசிப்பது என்றே யாருக்கும் தெரியாமல் போன கருவி யாழ். அதை ஏன் ஆரணியில் கற்றுத்தர வேண்டும் என்று கேட்பீர்கள். யாழுக்கு நரம்பு எதனால் செய்தார்கள் என்று சென்னையில் ஒரு குழு உட்கார்ந்து பேசியதாம். ஆட்டுக்குடல் என்றது ஒரு கட்சி, பட்டு நூல் என்றது இன்னொரு கட்சி. ஆட்டுக்குடல் என்றால் கால்நடைத் துறையிடம் போய் நிற்கவேண்டும். அந்தத் துறைக்காரருக்கும் இந்தத் துறைக்காரருக்கும் ஆகாது. ஆகவே நம் முன்னோர்கள் பட்டு நூலைத்தான் பயன்படுத்தினார்கள் என்று ஆராய்ச்சி முடிந்தது. பட்டு என்றால் காஞ்சிபுரம், ஆனால் அங்கே வாடகை அதிகம். ஆரணிக்கு வந்துவிட்டார்கள்.

எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பெயர் பதிந்துவிட்டு, மீசை முளைத்து அது முறுக்கும் பருவமும் வந்த பிறகும் காத்துக்கொண்டிருந்தவன் ஜெகநாதன். நேர்முகத் தேர்வுக்கு அவனோடு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். பத்து வருஷம் வீணை கற்றவள். இயக்குநர் டாக்டர் சுப்பராயலு அவளிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, பாவம், காது ஏற்கனவே கெட்டுவிட்டது என்று அனுப்பிவிட்டார். ஜெகநாதனிடம் சங்கீதம் தெரியுமா என்றார். தெரியாது என்றான். பாடுவீர்களா என்றார். குளிக்கும்போதுகூட இல்லை என்றான். வீட்டில் ரேடியோ உண்டா என்று கேட்டதற்கு, இருந்தது, எலி கடித்துவிட்டது என்று சொன்னான். இயக்குநர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். 'தற்காலிக இசைஞர்' என்ற உத்தியோகம் அவனுக்குக் கிடைத்தது. மூன்று வருஷம் பயிற்சி, அதில் தேறினால் நிரந்தரம்.

முதல் வருஷம் உட்காருவது. பழைய சிற்பங்களில் யாழ்க்காரர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்களோ அப்படி. சிற்பத்தில் இடது முழங்கால் உடைந்துபோயிருந்ததால் அந்தக் காலை என்ன செய்வது என்பது முடிவாகவில்லை. முடிவாகும்வரை அதை நிலையத்து நாற்காலியின் பின்னால் மறைத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டாம் வருஷம் யாழைப் பார்ப்பது. ஊர்த் தச்சரிடம் செய்து வாங்கிய யாழ் அது. அழகாகத்தான் இருந்தது, நரம்புதான் இல்லை. மூன்றாம் வருஷம் விரல் பயிற்சி. நரம்பு இருக்கவேண்டிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில்.

ஒருநாள் ஜெகநாதன் தயங்கித் தயங்கி, எப்போது சார் வாசிப்போம் என்று கேட்டுவிட்டான். சுப்பராயலு கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, வாசிக்கறதுக்கு எவன் வேணா வாசிப்பான். வாசிக்காம இருக்கத்தான் படிப்பு வேணும். நான் ஹாலந்துக்குக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். அங்கே முந்நூறு வருஷத்துப் பழைய வாத்தியங்களை எடுத்து வாசிக்கறான். பெரிய தப்பு பண்ணிட்டான். கேட்டவன் எல்லாம் இன்னிக்கு இது நல்லா இல்ல, அது சுருதி சேரலன்னு குறை சொல்றான். நம்மள ஒருத்தன் சொல்ல முடியுமா? இந்த நிலையம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு அபஸ்வரம் வந்ததுண்டா?"

வந்ததில்லை என்பதை ஜெகநாதன் ஒப்புக்கொண்டான்.

மூன்றாம் வருஷத்தில் யாழுக்கு நரம்பு ஏற்ற மேலிடத்து அனுமதி வந்தது. சேவூரில் இரண்டு தறி வைத்திருந்த தனக்கோடி வீட்டில் பட்டு நூலை முறுக்கித் தரச் சொல்லியிருந்தார்கள். வாங்கிவரப் போனவன் ஜெகநாதன். தனக்கோடியின் மகள் ரேணுகாம்பாள் முறுக்கிய நூலை இரண்டு ஆணிகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டியிருந்தாள். இது எதுக்குங்க என்று கேட்டாள். யாழுக்கு என்றான். அது எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டாள். தெரியாது என்றான். மூணு வருஷமா அங்கதான வேல பாக்கறீங்க என்று கேட்டுவிட்டு, அவன் தடுப்பதற்குள் சுண்டுவிரலால் நூலை ஒரு தட்டு தட்டினாள். டிங் என்றது.

ஜெகநாதனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்து போயிற்று. மூன்று வருஷ இசைப் பயிற்சியில் அவன் கேட்ட முதல் ஓசை அது. நூலை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், அவளும் பார்த்தாள். மற்றது ஊரில் வழக்கமாக நடப்பதுதான்.

நேர்மையான பையன் என்பதால் நடந்ததை இயக்குநரிடம் சொல்லிவிட்டான். சுப்பராயலு நரம்புகளைக் கையால் தொடக்கூட இல்லை. ஓசை எழுப்பிய நரம்பு யாரோ கடித்துவைத்த பலகாரம், அதை அரசாங்க யாழில் ஏற்ற முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். யாழ் பழையபடி மொட்டையாக நின்றது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து வந்ததுதான் செவித் தூய்மை விதி. பண்டை இசையைக் கற்பவன் பிற்காலத்து இசையைக் கேட்கக்கூடாது. ஆர்மோனியம், வயலின், பேண்டு, ரேடியோ எல்லாம் விலக்கு. நாதஸ்வரமும் பிற்காலத்து வரவு என்று குழு தீர்மானித்திருந்ததால் அதுவும் விலக்கு. ஒரு நிமிஷம் கேட்டாலும் பயிற்சி ரத்து, வேலை போய்விடும். காதில் அடைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிப் பஞ்சு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது.

ஆரணியில் பாட்டுக் கேட்காமல் நடப்பது மழையில் நனையாமல் நடப்பது மாதிரி. டீக்கடைக்கு ஒரு ரேடியோ, தெருவுக்கு ஒரு மாரியம்மன், மாரியம்மனுக்கு இரண்டு ஒலிபெருக்கி. ஆடி மாசம் வந்துவிட்டால் பட்டுத் தறிகூடப் பாட்டுக்குத் தக்கபடி ஓடும். ஜெகநாதன் பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டுக்கும் மில்லுக்கும் நடந்தான். அவன் பஞ்சை எடுக்கிறானா என்று பார்க்க, நிலையத்துப் பியூன் தருமனைப் பின்னாலேயே அனுப்பினார்கள். செவிக் காவலர் என்று அவனுக்குக் கூடுதல் பதவி. பஸ்காரன் ஹாரன் அடித்து, பிறகு திட்டி, பிறகு இறங்கி வந்து தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுப் போவான். நல்ல பையன், காதுதான் போய்விட்டது என்று ஊர் பரிதாபப்பட்டது.

மாசம் ஒருமுறை வேலூரிலிருந்து மேலாய்வாளர் வருவார். ஜெகநாதனைப் பஞ்சை எடுக்கச் சொல்லி எதிரே உட்கார வைத்து, அப்போது ஊரெல்லாம் அலறிக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டை முனகுவார். முகத்தில் தெரிந்துகொண்ட அடையாளம் வந்தால் பையன் தோற்றான். முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொள்ள ஜெகநாதன் பழகிவிட்டான். கால் கட்டைவிரல்தான் சொன்ன பேச்சைக் கேட்காமல் தாளம் போடும். அதன்மேல் மற்றக் காலை வைத்து அழுத்திக்கொள்வான். மேலாய்வாளர் பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் சரணம்வரைக்கும் போய்விடுவார்; தருமன் மேஜையில் தட்டி எழுப்பவேண்டும்.

இந்த லட்சணத்தில்தான் கல்யாணம் கூடிவந்தது. தனக்கோடிக்குச் சம்மதம். தறிக்காரனுக்குப் பெண் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, மூத்தவள் இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். இளையவளைக் கவர்மென்ட் உத்தியோகக்காரனுக்குத்தான் கொடுப்பேன் என்று முருகன் படத்தின்மேல் சத்தியம் செய்தவர் அவர். மாப்பிள்ளைக்கு மந்தச் செவி என்று யாரோ மூட்டிவிட்டபோதும், ரேணுகாம்பாள் பேசுவதற்கு அது சௌகரியம்தான் என்று சொல்லிவிட்டார். வைகாசியில் முகூர்த்தம் வைத்து, தேவிகாபுரத்து மேளத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

மரியாதைக்காக முதல் பத்திரிகையை இயக்குநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான் ஜெகநாதன். மங்கள வாத்தியம் என்ற இடத்தில் சுப்பராயலுவின் விரல் நின்றது. ஒன்றரை மணி நேரம் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறாயா, மூன்று வருஷப் பயிற்சியும் கோவிந்தாதானே என்றார். மேளம் வைத்தால் வேலை இல்லை.

ஜெகநாதன் சைக்கிளை மிதித்துக்கொண்டு சேவூருக்குப் போனான். விஷயத்தைக் கேட்டதும் தனக்கோடி தறியிலிருந்து எழுந்துவிட்டார்.

"மோளம் இல்லாம தாலி கட்டறதுக்கு எம் பொண்ணு இன்னா ஓடிப்போயா கல்யாணம் பண்ணிக்கிறா? தாலி கட்ற நேரத்துல எவனாவது தும்முவான், எவனாவது அச்சான்யமா பேசுவான், அது காதுல வுழக்கூடாதுன்னுதான கெட்டிமோளம் கொட்றது? மோளம் இருந்தாத்தான் கல்யாணம். போய்ச் சொல்லுங்க உங்க ஆபீசருகிட்ட."

மேளம் வைத்தால் வேலை போகும், வேலை போனால் பெண் கிடையாது. மேளம் வைக்காவிட்டாலும் பெண் கிடையாது. ஜெகநாதனுக்கு ராத்திரி தூக்கம் போய், பகலில் சோறும் இறங்கவில்லை. அவனுக்கு அவள்மேல் உயிர். டிங் என்ற அந்த ஓசைக்குப் பிறகு அவன் வேறு ஒன்றையும் உருப்படியாகக் கேட்டதில்லை.

கடைசியில் தருமன்தான் ஒரு வழி சொன்னான். லீவு போட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறவனுக்கு அந்த லீவு நாளில் காது ஆபீசுக்குச் சொந்தமா, அவனுக்கே சொந்தமா என்று கேட்டால் என்ன? சுப்பராயலு அந்தக் கேள்வியில் நெடுநேரம் மூழ்கிப்போனார். தூங்கும்போது காது யாருடையது என்ற துணைக்கேள்வியையும் சேர்த்து, சென்னைக்கு எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. வைகாசி வந்துவிட்டது.

பதில் வராத நிலையில் இயக்குநரே இறங்கிவந்து, தனக்கோடியின் வீட்டுக்குப் போய் ஒரு சமரசம் சொன்னார். மேளத்துக்குப் பதிலாக நிலையத்து யாழையே மணவறையில் வைப்பதாகவும், முகூர்த்த நேரத்தில் தாமே விரலை உயர்த்துவதாகவும், கெட்டிமேளம் கொட்டியதாகச் சபையோர் நினைத்துக்கொள்ளவேண்டும் என்றும் சொன்னார்.

தனக்கோடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நெனச்சிக்கலாம்னு சொன்னா தாலியையே கட்டனதா நெனச்சிக்கலாமேங்க. பந்தியில சாப்பாடு போட்டதாவும் நெனச்சிக்கலாம். எனக்கும் செலவு மிச்சம்" என்றார்.

ரேணுகாம்பாள்தான் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து முடிவு கட்டினாள். மேளம் இருக்கட்டும், மாப்பிள்ளை காதில் பஞ்சு இருக்கட்டும், எனக்குத் தாலி ஏறினால் சரி என்றாள். பேச்சு அப்போது சுலபமாகத்தான் வந்தது.

கல்யாணத்தன்று ஜெகநாதனின் இரண்டு காதிலும் தருமன் தன் கையாலேயே பஞ்சைத் திணித்தான். அதன்மேல் மெழுகு, மெழுகின்மேல் பட்டுத் தலைப்பாகை. இயக்குநர் பார்வையாளர் என்ற முறையில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவர் காதில் பஞ்சு இல்லை. நோயாளிக்குத்தான் பத்தியம், வைத்தியருக்கு எதற்கு என்று சொல்லிவிட்டார். தேவிகாபுரத்து நாதஸ்வரக்காரர் அன்றைக்கு வாசித்ததை ஊர் இன்னும் பேசுகிறது. பந்திக்குப் போன ஜனம் இலையை விட்டு எழுந்து வந்து நின்று கேட்டதாம். ஜெகநாதன் மட்டும் மனித வாய்கள் திறந்து மூடுவதையும், தவில்காரர் யார்மேலோ கோபம் கொண்டவர் மாதிரி அடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தபடி, புகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

முகூர்த்தம் வந்தது. ஐயர் கையை உயர்த்தி ஆட்டினார், கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை பறந்தது. மாப்பிள்ளை அசையவில்லை. தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்பதுபோல ஐயர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐயர் கத்தினார், தனக்கோடி கத்தினார், தவில்காரருக்கு மணிக்கட்டு விட்டுப்போகும்போல் ஆயிற்று. கடைசியில் ரேணுகாம்பாள் குனிந்த தலை நிமிராமல் முழங்கையால் அவன் விலாவில் ஒரு இடி இடித்தாள். தாலி ஏறியது.

மறுவீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது தலைப்பாகையும் மெழுகும் பஞ்சும் எடுத்தாகிவிட்டது. தாலி கட்டும்போது நாதஸ்வரக்காரர் ஒன்று வாசித்தாரே, எனக்கு அழுகையே வந்துவிட்டது, உங்களுக்கு எப்படி இருந்தது என்று புதுப்பெண் ஆசையாகக் கேட்டாள். அவன் காதோரம் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளேதான் ஒப்புக்கொண்ட ஏற்பாடு, ஆனால் அதற்கு இதுதான் அர்த்தம் என்று அதுவரை அவளுக்குப் புரியவில்லை.

"எங் கல்யாணத்துக்கு ஊரே வந்துச்சு. நீங்க ஒருத்தர்தான் வரல" என்றாள். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆவணியில் மேலாய்வாளர் வந்தார். வழக்கம்போல முனகி முடித்து, போண்டாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, சென்னைக்கு ஏதோ கேள்வி எழுதிப் போட்டிருந்தீர்களாமே, அங்கே எல்லோரும் சிரித்தார்கள் என்று சுப்பராயலுவிடம் சொன்னார்.

"லீவுல காது அவனவன் சொந்தக் காதுதானே சார். இதுல கேக்க என்ன இருக்கு? இந்த விதி போட்ட அன்னிலேர்ந்தே அப்படித்தான்."

"நானும் ஆரம்பத்துலேர்ந்தே அதே கருத்துதான் கொண்டிருந்தேன்" என்றார் சுப்பராயலு, இம்மியும் தயங்காமல். சட்னி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

வாசலில் நின்று கேட்ட ஜெகநாதன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு அப்போதே தேவிகாபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். நாதஸ்வரக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டாராம். "போன தபா மாப்ள வரல. இந்த தபா வர்றாரு. வந்து ஊதிட்டுப் போங்க" என்றாளாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை. முகூர்த்தமும் இல்லை, திருவிழாவும் இல்லை. சேவூரில் தனக்கோடியின் வீட்டு வாசலில் பந்தலில்லாமல், வாழைமரமில்லாமல் மேளம் முழங்கியது. தெருவில் தறிக்கு நூல் நீட்டிப் பாவு ஓடிக்கொண்டிருந்தவர்கள் நூலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஜெகநாதன் ரெண்டாம் தாரம் கட்டுகிறானாம், அதுவும் மூத்தாள் கண்ணெதிரேயே, அவள் அப்பன் வீட்டிலேயே என்று செய்தி ஆரணி பஸ் ஸ்டாண்டுவரை போய்விட்டது. புதுப்பெண் யார் என்று எட்டிப் பார்த்தவர்கள், மணையில் அதே ரேணுகாம்பாள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள்.

தற்செயல் விடுப்பில் வந்திருந்த ஜெகநாதன் காதில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தான். சொந்த வேலை என்று சொல்லித் தருமனும் லீவு போட்டிருந்தான். டாக்டர் சுப்பராயலுவும் லீவு. மூன்று வருஷத்தில் அவர் எடுத்த முதல் லீவு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, தவிலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடை சிவக்கச் சிவக்கத் தாளம் போட்டார். ராகம் ஆரம்பிப்பதற்குள் அதன் பெயரைச் சொன்னார். ஒரு கீர்த்தனையை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு, போதும் என்று நாதஸ்வரக்காரரே சொன்னபோது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

கெட்டிமேளத்துக்கு ரேணுகாம்பாள்தான் கையைக் காட்டினாள். கட்டிய தாலியைக் கழற்றிக் கட்டக்கூடாது என்பதால், ஜெகநாதனின் விரலைப் பிடித்து முடிச்சின்மேல் வைத்துக்கொண்டாள். தவில் முழங்கியது. கேட்குதா என்று அவள் கேட்டாள். அவன் கண்ணில் நீர் கொட்டியது. பதில் வராததால், பஞ்சு இன்னும் இருக்கிறதோ என்று அவள் இரண்டு காதிலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

அதே நேரத்தில் சேவூர் சாலை ரைஸ் மில்லில் மேலாய்வாளர் திடீர்ச் சோதனைக்கு வந்து இறங்கியிருந்தார். கதவு பூட்டியிருந்தது. தட்டிப் பார்க்கவில்லை, பயிற்சிக்கு இடைஞ்சல் என்று நினைத்திருக்கலாம். கதவில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. இவ்வளவு உயர்ந்த தரத்தை வேறு எந்த நிலையத்திலும் தாம் கேட்டதில்லை என்று வேலூரில் போய் உணர்ச்சியோடு சொன்னாராம். ஜெகநாதனின் வேலை அந்த மாசமே நிரந்தரமாயிற்று.